டிரையம்ஃபா, கார்வெட்டா? 56 வயதில் வாங்கும் ஸ்போர்ட்ஸ் கார்

இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயரும் வேலை பார்க்கும் இடமும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் சாரத்தை மட்டும் தருகிறேன். வயது 56, சொந்த ஊர் திருச்சி. பிள்ளைகள் இருவரும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள், வீட்டுக் கடனும் அடைந்துவிட்டது. அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்டில் ஏறி இறங்கிய நாளிலிருந்தே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் மீது ஆசை. ஓய்வூதியக் கணக்கிலிருந்து வரியில்லாமல் எடுக்கக்கூடிய பணத்தில் 25,000 பவுண்டை இதற்கு ஒதுக்க நினைக்கிறார்.

மூன்று கார்களைக் குறித்து வைத்திருக்கிறார். நாட்டிங்காம் பக்கம் ஒருவர் விற்கும் 1971-ம் ஆண்டு டிரையம்ஃப் டி.ஆர்.6 என்ற பிரிட்டிஷ் கார், கேட்கும் விலை 21,500 பவுண்டு. கலிஃபோர்னியாவில் இருக்கும் 1975-ம் ஆண்டு கார்வெட் ஸ்டிங்ரே என்ற அமெரிக்கக் கார், 18,000 டாலர். இதைப் படத்தில் மட்டுமே பார்த்திருக்கிறார். மூன்றாவது, ஏற்கெனவே இங்கிலாந்தில் ஓடிக்கொண்டிருக்கும் 2001-ம் ஆண்டு சி5 (ஐந்தாம் தலைமுறை) கார்வெட், 20,000 பவுண்டு. மனம் டிரையம்ஃபைச் சுற்றினாலும், நண்பர் ஒருவர் கலிஃபோர்னியாவில் இருக்கும் அமெரிக்கக் காரைத்தான் வாங்கச் சொல்கிறாராம். 5.7 லிட்டர் என்ஜின், டிரையம்ஃபைப் போல இரண்டு மடங்கு சக்தி என்கிறார். பிரிட்டிஷ் கார் என்றால் ஆயில் ஒழுகும், மழையில் வயரிங் செத்துவிடும் என்கிறார். நாற்பது வயது தாண்டிய காருக்கு சாலை வரி, ஆண்டுதோறும் செய்யும் எம்.ஓ.டி. தகுதிச் சோதனை, இறக்குமதி வரி எதுவும் கிடையாது, விலையும் ஏறிக்கொண்டே போகும், இது செலவல்ல முதலீடு என்றும் சொல்லியிருக்கிறார். மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை; வாங்கிவிட்டுச் சொல்லலாம் என்றிருக்கிறார். பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார், எது சிறந்தது என்பது அவர் கேள்வி.

அன்புள்ள வாசகருக்கு,

'இந்த வயதில் இது தேவையா' என்று கடிதத்தில் மூன்று இடத்தில் உங்களையே கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். தேவை என்று பார்த்தால் யாருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் தேவையில்லை. கடமைகளை முடித்துவிட்டு, கடனில்லாத நிலையில், பல வருடமாக மனதில் கிடக்கும் ஒன்றை வாங்க நினைப்பதில் தவறே இல்லை. பழைய கார்களைச் சோதித்து வாங்குபவருக்கு அறிக்கை தருவது என் தொழில். அந்த இடத்திலிருந்து பார்க்கும்போது எனக்குக் கவலை தருவது உங்கள் ஆசை இல்லை, நீங்கள் வாங்கப் போகும் விதம்தான்.

நாட்டை விட்டுவிட்டு ஆண்டைப் பாருங்கள்

எது சிறந்தது என்ற கேள்விக்கு 1953-ல் ஒரு பதில், 1963-ல் வேறு பதில், 1975-ல் இன்னொன்று, 2001-ல் மற்றொன்று. உங்கள் பட்டியலில் இருக்கும் மூன்று கார்களும் மூன்று வெவ்வேறு காலத்தைச் சேர்ந்தவை. அவற்றை நாட்டின் பெயரால் இரண்டு பக்கமாகப் பிரித்ததால்தான் உங்களுக்குக் குழப்பம் வந்திருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அமெரிக்காவில் ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்லிக்கொள்ள ஏறக்குறைய எதுவும் இல்லை. இங்கிலாந்தில் இருந்த அமெரிக்கப் படைவீரர்கள் எம்.ஜி. கார்களை ஓட்டிப் பார்த்து மயங்கினார்கள். போருக்குப் பின் வந்த எம்.ஜி. டி.சி.யில் இருந்தது 1,250 சி.சி. என்ஜின், 54 குதிரைத்திறன். அதையே அமெரிக்கர்கள் கொண்டாடினார்கள். 1948-ல் ஜாகுவார் எக்ஸ்.கே.120 வந்தபோது நிலைமை இன்னும் ஒருபடி மேலே போனது. மேலே இரண்டு கேம்ஷாஃப்ட் கொண்ட 3.4 லிட்டர் என்ஜின், 160 குதிரைத்திறன், பெயரிலேயே மணிக்கு 120 மைல். ஜெனரல் மோட்டார்ஸ் 1953-ல் கார்வெட்டைக் கொண்டுவந்தது இதற்கெல்லாம் பதிலாகத்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே அது வைத்த 102 அங்குலம், எக்ஸ்.கே.120-ல் இருந்த அதே அளவு. முதல் ஆண்டில் 300 கார்கள், அத்தனையும் வெள்ளை நிறம், கண்ணாடியிழை உடல். உள்ளே இருந்ததோ குடும்பக் கார்களில் போட்ட ஆறு சிலிண்டர் என்ஜினின் வலுவூட்டிய வடிவம், இரண்டே கியர் உள்ள ஆட்டோமேட்டிக். அந்த ஆண்டில் என்னைக் கேட்டிருந்தால் யோசிக்காமல் ஜாகுவார் என்றிருப்பேன்.

1955-ல் கார்வெட்டுக்கு எட்டு சிலிண்டர் கொண்ட வி8 என்ஜின் வந்தது. சோரா ஆர்கஸ்-டன்டாவ் என்ற பொறியாளர் அந்தக் காரைத் தன் கையில் எடுத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக உண்மையான ஸ்போர்ட்ஸ் காராக மாற்றினார். 1961-ல் ஜெனீவாவில் ஜாகுவார் இ-டைப் வந்தது: நான்கு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், பின்பக்கம் தனித்தனியே இயங்கும் சஸ்பென்ஷன். அன்றைய கார்வெட்டில் டிரம் பிரேக்கும், பின்னால் ஒரே கம்பியாகக் கிடந்த அச்சும்தான். 1963-ல் வந்த ஸ்டிங்ரே பின்பக்கத் தனி சஸ்பென்ஷனைப் பெற்றது, 1965-ல் நான்கு டிஸ்க் பிரேக்கும் சேர்ந்தது. அதற்குப் பின் 'அமெரிக்கக் கார் நேர்ச்சாலைக்குத்தான், வளைவில் தடுமாறும்' என்பது கார்வெட்டைப் பொறுத்தவரை பழைய கதை. இங்கிலாந்தில் இன்னும் பலர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் கடிதத்திலும் ஓரிடத்தில் இருக்கிறது.

ஏன் இரண்டு நாட்டு என்ஜின்களும் இவ்வளவு வேறுபட்டன என்று கேட்டால், பாதிக் காரணம் வரி. பிரிட்டனில் 1940-களின் பிற்பகுதி வரை காருக்கான வரியை சிலிண்டரின் விட்டத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். அதனால் விட்டத்தைக் குறுக்கி, பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரத்தை நீட்டி என்ஜின் செய்யும் பழக்கம் ஊறிவிட்டது. ஜாகுவாரின் அந்தப் புகழ்பெற்ற 3.4 லிட்டர் என்ஜினில் விட்டம் 83 மில்லிமீட்டர், ஓட்டம் 106. கார்வெட்டின் 5.7 லிட்டர் வி8-ல் விட்டம் 101.6, ஓட்டம் 88.4, அப்படியே தலைகீழ். அமெரிக்காவில் பெட்ரோல் மலிவு, சாலை அகலம், ஊருக்கும் ஊருக்கும் தூரம் அதிகம், சிக்கனத்துக்கு அவசியமே இல்லை. இங்கே வேலிக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சின்னச் சாலைகள். ஒவ்வொரு காரும் அது பிறந்த ஊரின் சாலைக்கும் சட்டத்துக்கும் ஏற்றபடி உருவானது.

இரண்டையும் கலந்தவர்களும் உண்டு. லண்டனுக்குத் தெற்கே தேம்ஸ் டிட்டனில் செய்த ஏ.சி. ஏஸ் காரின் உடலில் ஃபோர்டு வி8-ஐப் பொருத்தி, 1962-ல் அமெரிக்கப் பந்தய வீரர் கரோல் ஷெல்பி கோப்ராவைக் கொண்டுவந்தார். பியூயிக் கைவிட்ட அலுமினிய வி8-ஐ ரோவர் உரிமம் பெற்று எடுத்துக்கொள்ள, அது மார்கன் பிளஸ் 8-லும் எம்.ஜி.பி ஜி.டி. வி8-லும் ஓடியது. 1990-ல் கார்வெட் இசட்.ஆர்-1-க்கு வந்த 32 வால்வு என்ஜினை வடிவமைத்தது இங்கிலாந்தின் லோட்டஸ். இதைப் பார்த்த பிறகும் 'பிரிட்டிஷா அமெரிக்கனா' என்று கட்சி கட்டிச் சண்டை போடுவதில் எனக்கு ஆர்வம் இல்லை.

5.7 லிட்டர் என்றால் இரண்டு மடங்கு சக்தியா?

உங்கள் நண்பர் சொன்னதில் பெரிய தவறு இதுதான். 1975-ம் ஆண்டு சாதாரண கார்வெட்டின் சக்தி 165 குதிரைத்திறன். உங்கள் 1971-ம் ஆண்டு டி.ஆர்.6, பிரிட்டனில் விற்ற பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வகையாக இருந்தால், டிரையம்ஃப் சொன்ன கணக்கு 150. கார்வெட்டின் எடை சுமார் 1,600 கிலோ, டி.ஆர்.6 சுமார் 1,100 சொச்சம். எடையோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் டிரையம்ஃப்தான் முன்னால் நிற்கிறது.

இவ்வளவு பெரிய என்ஜின் இப்படி இளைத்ததற்குக் காரணம் உண்டு. 1970-ல் இதே 5.7 லிட்டர் அளவில் எல்.டி-1 என்ற வகை 370 குதிரைத்திறன் என்று விற்றது. 1970-ல் அமெரிக்கா தூய காற்றுச் சட்டத்தை இறுக்கியது. ஈயமில்லாத, தரம் குறைந்த பெட்ரோலுக்கு ஏற்ப 1971-ல் என்ஜினின் அமுக்க விகிதத்தைக் குறைத்தார்கள். 1972 முதல் அளக்கும் முறையும் மாறியது. அதுவரை என்ஜினைத் தனியே மேடையில் வைத்து, சைலன்சர், ஃபேன் பெல்ட் எதுவும் இல்லாமல் அளந்தார்கள், அதன் பிறகு காரில் இருப்பது போலவே எல்லாவற்றையும் மாட்டி அளந்தார்கள். 1975-ல் புகையைச் சுத்தப்படுத்தும் வினையூக்கி மாற்றி வந்து சேர்ந்தது. ஆக, 370-லிருந்து 165-க்கு இறங்கியதில் ஒரு பங்கு நிஜமான இழப்பு, ஒரு பங்கு கணக்கு முறை. இரண்டு எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது.

பிரிட்டிஷ் கார்களும் இந்தச் சட்டத்தில் அடிபட்டன. டி.ஆர்.6-ல் 90,000-க்கும் மேல் செய்தார்கள், பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அங்கே போனவற்றில் இன்ஜெக்‌ஷன் கிடையாது, இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர், சக்தி நூற்றுச் சொச்சம். எம்.ஜி.பி-யின் அழகான குரோம் பம்பரை எடுத்துவிட்டுக் கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டி, காரையே கொஞ்சம் உயர்த்தியதும் அமெரிக்க விதிக்காகத்தான். 1975-ம் ஆண்டு கார்வெட்டின் அழகு எனக்கும் பிடிக்கும். அந்த வி8-ன் கனத்த குரலும், ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டாலே தள்ளும் இழுவையும் டிரையம்ஃபில் வராது. அதற்காக வாங்குவதென்றால் தாராளமாக வாங்குங்கள். வேகத்துக்காக வாங்காதீர்கள்.

அப்பாவின் ஹெரால்டும் உங்கள் டி.ஆர்.6-ம்

'அப்பா ஓட்டிய காரின் தம்பி' என்று டி.ஆர்.6-ஐப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் 1960-களில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, டிரையம்ஃப் ஹெரால்டேதான். அதன் சேஸியிலிருந்து வந்த ஸ்போர்ட்ஸ் கார்கள் ஸ்பிட்ஃபயரும் ஜி.டி.6-ம். டி.ஆர்.6-ன் சேஸி வேறு வம்சம், டி.ஆர்.4 வழியாக வந்தது. ஆனால் என்ஜினில் உறவு உண்டு. டி.ஆர்.6-ன் ஆறு சிலிண்டர் என்ஜின், ஹெரால்டின் நான்கு சிலிண்டர் என்ஜின் குடும்பத்திலிருந்து வளர்ந்து வந்ததுதான். அந்தக் கார் உருவான கவென்ட்ரி, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் இருக்கிறது. பழுது பார்க்கத் தெரிந்த கைகளும் உதிரி பாகமும் இந்த வட்டாரத்தில் தாராளம். இது ஒரு பெரிய லாபம்.

ஆயில் ஒழுகும், வயரிங் சாகும் என்ற பேச்சுக்கு வருகிறேன். ஆயில் கசிவு உண்மை, பெரும்பாலும் சின்னத் தொல்லை. அந்தக் காலப் பிரிட்டிஷ் கார்களுக்கு மின்பாகங்கள் செய்த லூகாஸ் நிறுவனத்தின் வயரிங்கைப் பற்றிய கேலியில் நான் சேர மாட்டேன். நான் பார்க்கும் மின்கோளாறுகளில் பெரும்பாலானவை எர்த் இணைப்பு துருப்பிடித்ததாலும், இடையில் யாரோ வயரை வெட்டி ஒட்டியதாலும் வந்தவை. ஐம்பது வயது ஆன கார் எந்த நாட்டுக்காரது என்றாலும் இப்படித்தான். கார்வெட்டின் மடங்கி எழும் முகப்பு விளக்குகள் என்ஜினின் காற்றுறிஞ்சலில் இயங்குபவை. ரப்பர் குழாய் ஒன்று வெடித்தால் ஒரு விளக்கு எழும், மற்றது எழாது. உங்கள் நண்பர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

டி.ஆர்.6-ல் நிஜமாகப் பயப்பட வேண்டியவை வேறு. பின்சக்கரக் கைகள் சேஸியில் பிடிக்கும் இடம், டிஃபரன்ஷியலைத் தாங்கும் கொக்கிகள், இந்த இரண்டும் துருப்பிடித்தும் விரிசல் விட்டும் போகும். மேலே பளபளவென்று புது பெயின்ட் அடித்திருந்தாலும் காரை லிஃப்டில் ஏற்றாமல் இது தெரியாது. கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் ஒரு சின்னக் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாவிட்டால் உள்ளே இரும்பு இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள்.

அப்புறம், இந்த ஆறு சிலிண்டர் என்ஜினுக்கே உரிய ஒரு வியாதி. கிராங்க்ஷாஃப்ட் முன்னும் பின்னும் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர்கள் தேய்ந்து கீழே விழுந்துவிடும். விழுந்த பிறகும் ஓட்டினால் என்ஜின் பிளாக்கே பாழாகும். கண்டுபிடிப்பது சுலபம். என்ஜினை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து முன்னால் இருக்கும் பெரிய புல்லியைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். உள்ளே ஒருவர் கிளட்சை மெதுவாக மிதித்து விடட்டும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தாலே, விலை பேசுவதை நிறுத்திவிடுங்கள்.

காரின் அடையாளத் தகட்டையும் பாருங்கள். எண் சி.பி. என்று தொடங்கினால் 150 குதிரைத்திறன் இன்ஜெக்‌ஷன் கார். சி.சி. என்று தொடங்கினால் அமெரிக்காவுக்குப் போன கார்புரேட்டர் வகை, பிறகு திரும்பி வந்து ஸ்டியரிங்கை வலப்பக்கம் மாற்றியிருப்பார்கள். அதுவும் நல்ல கார்தான், கலிஃபோர்னியா போன்ற வெயில் ஊரில் ஓடியிருந்தால் துரு குறைவாகவே இருக்கும். ஆனால் சி.பி. காரின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது. உங்கள் கடிதத்தில் இந்த எண் இல்லை. விற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

கலிஃபோர்னியா காரை ஏன் வேண்டாம் என்கிறேன்

நாற்பது வயதைத் தாண்டினால் இறக்குமதி வரி கிடையாது என்பது தவறு. சாலை வரி விலக்கு வேறு, சுங்கம் வேறு. முப்பது வயதுக்கு மேற்பட்ட, பெரிய மாற்றம் செய்யாத, இப்போது உற்பத்தியில் இல்லாத வகைக் காரை சேகரிப்புப் பொருளாகச் சுங்கத்துறை ஏற்றுக்கொண்டால் சுங்க வரி இல்லை, 5 சதவீத வாட் மட்டும். ஏற்காவிட்டால் 10 சதவீத சுங்கம், அதற்கு மேல் 20 சதவீத வாட். காரின் விலை, கப்பல் கட்டணம், காப்பீடு எல்லாம் சேர்ந்து 20,000 பவுண்டு ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வழியில் 1,000 பவுண்டு, இரண்டாவது வழியில் 6,400. என்ஜினையோ சேஸியையோ மாற்றிய காரென்றால் இந்த வித்தியாசம் உங்கள் தலையில் விழும். கார் வந்து இறங்கிய 14 நாளுக்குள் வரித்துறைக்குத் தகவல் தரவும் வேண்டும்.

வந்த பிறகும் வேலை இருக்கிறது. முகப்பு விளக்கின் ஒளி இடப்பக்கம் சாயும்படி மாற்ற வேண்டும். பின்னால் சிவப்பாக மின்னும் சிக்னல் விளக்கு, அந்த வயதுக் காருக்கு இங்கே மஞ்சளாக இருக்க வேண்டும். இடப்பக்க ஸ்டியரிங்கோடு லெஸ்டர்ஷயரின் ஒற்றைச் சாலையில் லாரியைத் தாண்டுவது, பக்கத்து இருக்கையில் யாராவது உட்கார்ந்து வழி சொன்னால்தான் நடக்கும்.

இதற்கெல்லாம் மேலே, கண்ணாடியிழை துருப்பிடிக்காது என்ற நம்பிக்கை. உடல்தான் கண்ணாடியிழை. அதற்குள்ளே முன்கண்ணாடியையும் கதவுகளையும் தாங்கும் இரும்புக் கூடு இருக்கிறது. முன்கண்ணாடியின் கீழ் மூலைகளில் தண்ணீர் நின்று அந்தக் கூடு அரித்துப் போகும். வெளியே எதுவுமே தெரியாது. படத்தில் நிச்சயம் தெரியாது. பிரச்சினை என்று வந்தால், கலிஃபோர்னியாவில் இருக்கும் தனிநபர் மீது இங்கிலாந்துச் சட்டத்தை வைத்து உங்களால் எதுவும் செய்ய முடியாது. பார்க்காத காருக்குப் பணம் அனுப்பாதீர்கள்.

சி5 கார்வெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழு அலுமினிய வி8, 350 குதிரைத்திறன், எடை சமமாகப் பிரிய கியர்பாக்ஸைப் பின்னால் வைத்த வடிவம். மூன்றில் இதுதான் சந்தேகமில்லாமல் வேகமான கார், நம்பகமும் இதற்கே அதிகம். ஸ்காட்லாந்து வரை ஒரே மூச்சில் ஓட்டிப்போக ஆசை என்றால் இதை எடுங்கள். இது நாற்பது வயதாகாத கார், சாலை வரி, எம்.ஓ.டி. இரண்டும் உண்டு. லண்டன் போவதாக இருந்தால், புகை அதிகம் விடும் வண்டிகளுக்கு அங்கே வாங்கும் யூலெஸ் கட்டணம் வருமா என்று பதிவெண்ணைப் போட்டு முன்கூட்டியே பாருங்கள். ஆனால் உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் இந்தக் காருக்கு ஒதுக்கியது இரண்டே வரி. மனம் இல்லாத காரை அறிவுக்காக வாங்கியவர்கள் ஒரு வருடத்தில் விற்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

உரிமையும் காகிதமும்

முதலில், வி5சி பதிவுச் சான்று உரிமைப் பத்திரம் கிடையாது. காரைப் பொறுப்பில் வைத்திருப்பவர் யார் என்று மட்டுமே அது சொல்லும். அமெரிக்காவில் 'டைட்டில்' என்பதே உரிமை ஆவணம், இங்கே அப்படி இல்லை. விற்பவரின் அடையாள அட்டை, அவர் வாங்கியபோது பெற்ற ரசீது, கார் மீது கடன் பாக்கி உண்டா, திருட்டுப் புகார் உண்டா என்ற சோதனை, இவற்றைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

இரண்டாவது, விற்பவர் தனிநபரா, வியாபாரியா? நீங்கள் போனபோது கொட்டகையில் இன்னும் மூன்று பழைய கார்கள் விற்பனைக்கு இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தனிநபர் போலப் பேசும் வியாபாரியாக இருக்கலாம். வியாபாரி என்றால் 2015-ம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, கார் தரமில்லாமலோ சொன்னபடி இல்லாமலோ இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். வயதுக்கும் விலைக்கும் ஏற்ற தரத்தைத்தான் சட்டம் எதிர்பார்க்கும், புதுக் காரின் தரத்தை எதிர்பார்க்காது. தனிநபர் என்றால், சொன்ன விவரம் பொய்யாக இருந்தால்தான் பேச முடியும். எப்படியானாலும் விளம்பரத்தைப் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். 'சேஸி புதுப்பித்தது', 'அசல் என்ஜின்' என்றெல்லாம் அவர் சொல்வதை எழுத்தில் வாங்குங்கள். வி5சி-யில் அவர் பெயர் இருக்கிறதா, என்றிலிருந்து இருக்கிறது என்றும் பாருங்கள்.

மூன்றாவது, எம்.ஓ.டி. விலக்கு உண்மை, சாலை வரி விலக்கும் உண்மை. ஆனால் காரை வரலாற்று வாகனம் என்ற பிரிவில் பதிந்திருக்க வேண்டும், ஆண்டுதோறும் பூஜ்யத் தொகைக்கு வரி அறிவிப்பும் செய்ய வேண்டும். சோதனை விலக்கு என்பதால் ஆபத்தான காரை ஓட்டலாம் என்று ஆகாது. பிரேக் பிடிக்காத காரோடு சிக்கினால் 2,500 பவுண்டு வரை அபராதமும் உரிமத்தில் புள்ளியும் உண்டு. நீங்களாகவே ஆண்டுக்கு ஒருமுறை எம்.ஓ.டி. செய்துகொள்ளுங்கள். பழைய சோதனை முடிவுகளை அரசின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அவற்றில் 'துரு' என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். பெட்ரோல் போடும்போது எத்தனால் அதிகம் கலந்த சாதாரண இ10 வேண்டாம், எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைத் தின்றுவிடும். சூப்பர் வகை இ5 போடுங்கள்.

பணமும் வீடும்

இது முதலீடு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சொந்தக் காரை விற்று லாபம் வந்தால் பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மை. அதைக் கேட்டு லாபம் வரும் என்று முடிவுகட்டக் கூடாது. காப்பீடு, கொட்டகை, டயர், வருடாந்தர வேலை எல்லாம் போக, போட்ட பணம் திரும்ப வந்தாலே அதிர்ஷ்டம். வராது என்று வைத்துக்கொண்டு, அந்தப் பணம் போனாலும் ஓய்வுக்காலம் ஆடாது என்றால் மட்டும் வாங்குங்கள். ஓய்வூதியத்தில் வரியில்லாமல் எடுக்கக்கூடியது பொதுவாகக் கால் பங்குதான். அதற்கு மேல் எடுத்தால் அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்ந்து வரி வரும், இனிமேல் செலுத்தக்கூடிய தொகைக்கும் வரம்பு விழும். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அரசின் பென்ஷன் வைஸ் சேவை இலவசமாக ஆலோசனை தருகிறது. கணக்கில் கை வைக்கும் முன் அவர்களிடம் ஒரு மணி நேரம் பேசுங்கள்.

25,000-ல் 21,500-ஐக் காருக்கே கொடுத்துவிட்டால் மீதி போதாது. முதல் வருடத்தில் ஏதாவது ஒன்று கட்டாயம் கைவைக்கும். டி.ஆர்.6-க்கு 19,000-க்கு மேல் போகாதீர்கள், அல்லது பட்ஜெட்டுக்குள் அடங்கும் நல்ல எம்.ஜி.பி ஜி.டி.யையோ, அப்பாவின் ஹெரால்டுக்கு நிஜமாகவே தம்பியான ஸ்பிட்ஃபயரையோ பாருங்கள். பழைய கார்களுக்கென்று தரும், மதிப்பை முன்பே பேசி நிர்ணயிக்கும் காப்பீட்டையே எடுங்கள். சாதாரணக் காப்பீட்டில் விபத்துக்குப் பின் அவர்கள் சொல்வதுதான் விலை.

மனைவியிடம் வாங்கிய பிறகு சொல்வது என்ற திட்டத்தை நான் ஆதரிக்க மாட்டேன். அந்த ஓய்வூதியம் அவருடைய முதுமைக்கும் சேர்த்துத்தான். அவருக்கு மூட்டுவலி என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டி.ஆர்.6-ன் இருக்கை தரையை ஒட்டி இருக்கும், ஏறுவதைவிட இறங்குவதுதான் கஷ்டம். அவர் ஏறி உட்கார முடியாத கார் உங்கள் வீட்டில் வெகுநாள் நிற்காது. அவரையும் அழைத்துக்கொண்டு போய்க் காரைக் காட்டுங்கள். அவர் மறுத்தால், மறுப்பு காருக்கா, பணத்துக்கா என்று கேளுங்கள். பணத்துக்கு என்றால் ஸ்பிட்ஃபயர் பேச்சை எடுக்கலாம். இருக்கைக்கு என்றால் கூரையும் அகலமான கதவும் உள்ள எம்.ஜி.பி ஜி.டி.யைப் பற்றிப் பேசலாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். நாட்டிங்காம்காரரிடம் அடையாளத் தகட்டு எண்ணைக் கேளுங்கள். டி.ஆர். ரெஜிஸ்டர் என்ற உரிமையாளர் சங்கத்தில் சேர்ந்து, உங்கள் பகுதிக் கூட்டத்துக்குப் போய் இரண்டு மூன்று டி.ஆர்.6-ல் ஏறி உட்கார்ந்து பாருங்கள். நல்ல கார் எப்படி ஓடும் என்று தெரியாமல் கெட்ட காரைக் கண்டுபிடிக்க முடியாது. பிறகு என்ஜின் ஆறியிருக்கும்போது காரைப் பார்க்க வருவதாகச் சொல்லுங்கள், முன்கூட்டியே சூடாக்கி வைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். காரை லிஃப்டில் ஏற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். சம்மதித்தால், சுதந்திரமான ஆய்வாளர் ஒருவரின் அறிக்கை கைக்கு வரும் வரை முன்பணம்கூடக் கொடுக்க வேண்டாம்.